மலை ஏறும் முன் ஒரு வெள்ளி

ஜொகூரின் ரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள், உடற்பயிற்சி தொடங்கலாமா என்று எந்த டாக்டரையும் கேட்டதில்லை. விடியும் முன்பே பெரட்டுக்கு நின்றார்கள். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் அவரவர் நிரைக்குப் போனார்கள். ஆளுக்கு 400, 500 மரம். ஒவ்வொரு மரத்தடியிலும் குனிந்து பட்டையைச் சீவி, மங்கைச் சரியாக வைத்து, மேடும் பள்ளமுமான தரையில் அடுத்த மரத்துக்கு நடந்தார்கள். கடைசி மரம் முடிந்ததும் வந்த வழியே திரும்பிப் பாலைச் சேர்த்தார்கள். காண்டாவின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்தார்கள். ஆண்கள் மட்டுமில்லை, பெண்களும்தான்.

அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் இன்று இருட்டோடுதான் எழுகிறார்கள். நான்கு மணிக்கு மோட்டார் சைக்கிளை எடுத்தால்தான் நெரிசலுக்கு முன் பாலம் கடந்து சிங்கப்பூரில் வேலைக்கு நிற்க முடியும். பாலம் கடக்காதவர்கள் பாசிர் கூடாங்கில் போர்க்லிஃப்ட் ஓட்டுகிறார்கள், லாரி ஓட்டுகிறார்கள், காவலாளி அறையில் கேமராத் திரையைப் பார்க்கிறார்கள், அலுவலகத்தில் கணினி முன் இருக்கிறார்கள். தாத்தா எழுந்த நேரத்துக்கே பேரனும் எழுகிறான். ஆனால் அதற்குப் பிறகு நாள் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறான்.

வாரம் முழுக்க உட்கார்ந்த இந்த உடம்பு வார இறுதியில் திடீரென்று விழித்துக்கொள்கிறது. 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரில் வார விடுமுறை மறுபடியும் சனி, ஞாயிறாகிவிட்டது. அந்த இரண்டு நாளில் குளுவாங்கின் லம்பாக் மலையடிவாரத்தில் கார் நிறுத்த இடம் தேட வேண்டும். 510 மீட்டர்தான் உயரம் என்றாலும் வேர்களைப் பிடித்து ஏற வேண்டிய செங்குத்தான இடங்கள் உண்டு. இன்னும் துணிந்தவர்கள் தங்காக் பக்கம் போய் 1,276 மீட்டர் லேடாங் மலையை ஏறுகிறார்கள். மலை வேண்டாம் என்பவர்களுக்கு மண்டபத்தில் பேட்மிண்டன் இருக்கிறது, இரவு 10 மணிக்கு ஃபுட்சால் இருக்கிறது. 'நான் தீவிர உடற்பயிற்சி தொடங்குகிறேன்' என்று இவர்களில் யாரும் நினைப்பதில்லை. கூட்டாளி கூப்பிட்டான், போகிறார்கள்.

இவர்களில் யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்? யார் நேராகவே கிளம்பலாம்? எல்லாரும் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அதைக் கேட்டு யாரும் போகப் போவதில்லை என்பதோடு, அறிவியல் சொல்வதும் அதுவல்ல.

இரட்டை மாடி பஸ்ஸில் கிடைத்த விடை

முதலில் உட்கார்ந்திருப்பதன் ஆபத்தைப் பார்த்துவிடுவோம். லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற மருத்துவ ஆய்வாளர் அந்நகரின் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து, 1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவுகளை வெளியிட்டார். ஒரே பஸ், ஒரே வட்டாரம், ஏறக்குறைய ஒரே வாழ்க்கைத் தரம். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். டிக்கெட் கொடுக்கும் நடத்துநர் ஒரு நாளைக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக வந்தது. வந்தாலும் வயது தள்ளி வந்தது, அதில் பிழைத்தவர்களும் அதிகம்.

ஓட்டுநர்கள் தொடக்கத்திலிருந்தே பருமனாக இருந்திருக்கலாமே என்ற சந்தேகம் எழுந்தது. மோரிஸ் சீருடைக் கால்சட்டைகளின் இடுப்பளவுப் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். ஓட்டுநர்களின் இடுப்பு பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் ஒரே இடுப்பளவு உள்ளவர்களை ஒப்பிட்டபோதும் படி ஏறியவர்களின் இதயமே நன்றாக இருந்தது. அசைவு தனியாகவே ஒரு காப்பு என்பது அன்று தெரிந்தது. மோரிஸ் 99 வயது வரை வாழ்ந்தார்.

தோட்டத்தை விட்டு வந்த நம் குடும்பங்கள் அந்தக் காப்பை இழந்துவிட்டன. மலேசியச் சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் அது 31.4 விழுக்காடு, அதாவது மூவரில் ஒருவருக்கு அருகில். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த அளவு 15.6 ஆகக் குறைந்தது. ஆனால் இனிப்பு நீர் உள்ள ஐவரில் இருவருக்கு அது தங்களுக்கு இருப்பதே தெரியவில்லை. அதே ஆண்டில் 29.2 விழுக்காட்டினருக்கு ரத்தக் கொதிப்பு இருந்தது, மூவரில் ஒருவருக்கு ரத்தத்தில் கொழுப்பு அதிகம். 'எனக்கு ஒரு நோயும் இல்லை' என்று மலையடிவாரத்தில் நிற்பவர் தெரிந்துதான் சொல்கிறாரா, சோதித்துப் பார்க்காமல் சொல்கிறாரா என்ற கேள்வி இங்கேயே வந்துவிடுகிறது.

அந்த ஒரு மணி நேரம்

அசைவு காப்பு என்றால் ஓடும்போது ஏன் சிலர் விழுகிறார்கள்? இதற்கு 1993இல் அமெரிக்காவிலிருந்து நல்ல பதில் வந்தது. மரே மிட்டல்மேனும் அவருடைய குழுவினரும் மாரடைப்பு வந்து பிழைத்த 1,228 பேரைச் சந்தித்து, அதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்கள். அதே ஆள் வழக்கமாக எவ்வளவு உழைப்பவர் என்றும் கேட்டு, அவரை அவரோடேயே ஒப்பிட்டார்கள்.

கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சராசரியாக 5.9 மடங்கு கூடியிருந்தது. இந்தச் சராசரிக்குள்தான் உண்மையான செய்தி ஒளிந்திருந்தது. வாரத்துக்கு 5 முறையோ அதற்கு மேலோ உழைத்துப் பழகியவர்களுக்கு அந்த ஒரு மணி நேர ஆபத்து 2.4 மடங்குதான் கூடியது. வாரத்துக்கு ஒரு முறைகூட உழைக்காதவர்களுக்கு 107 மடங்கு.

107 என்றதும் செருப்பைக் கழற்றி வைத்துவிட வேண்டாம். ஒரு சின்ன எண்ணின் 107 மடங்கும் சின்ன எண்ணாகவே இருக்கலாம். புகைக்காத, இனிப்பு நீர் இல்லாத 50 வயது ஆணுக்கு ஏதோ ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று. 100 மடங்கு கூடினாலும் 10,000இல் ஒன்று. ஒரு தடவைக்கு அது அற்பம். நோய் மறைந்திருக்கும் உடம்பில், மாதத்துக்கு இரண்டு முறை, பழக்கமே இல்லாமல் இதைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது அது அற்பமாக இருப்பதில்லை.

அமெரிக்க ஆண் மருத்துவர்கள் 21,481 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த இன்னோர் ஆய்வு 2000இல் வெளியானது. கடும் உழைப்பின்போதும் அதற்குப் பிந்தைய அரை மணி நேரத்திலும் திடீர் மரணம் நேர்ந்தது சுமார் 15 லட்சம் தடவைக்கு ஒரு முறை மட்டுமே. அங்கும் பழகியவர்களுக்கு ஆபத்து குறைவு, பழகாதவர்களுக்கு அதிகம்.

ஆக, மலைக்கென்று தனியாக ஓர் ஆபத்து கிடையாது. நேற்றுவரை உடம்பு பழகிய சுமைக்கும் இன்று அதன் தலையில் ஏற்றும் சுமைக்கும் எவ்வளவு தூரம் என்பதே கணக்கு. அந்த இடைவெளி பெரிதாக இருந்து, இதயமும் ஏற்கெனவே பழுதுபட்டிருந்தால், அங்கேதான் டாக்டர் தேவைப்படுகிறார்.

ஏறும்போது உள்ளே

உட்கார்ந்திருக்கும்போது இதயம் நிமிடத்துக்கு 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. செங்குத்துச் சரிவில் ஏறும்போது அதுவே 15 லிட்டரைத் தாண்டும். இவ்வளவு வேலை செய்யும் இதயத்துக்கும் ரத்தம் வேண்டும். அதற்கு ரத்தம் கொடுக்கும் குழாய்கள், இதயம் சுருங்கி முடித்துத் தளரும் இடைவெளியில்தான் பெரும்பாலும் நிரம்புகின்றன. துடிப்பு வேகமாக ஆக, அந்த இடைவெளி குறைகிறது. தேவை கூடும் நேரத்தில் வரத்துக்கான நேரம் சுருங்குகிறது. நல்ல குழாய் விரிந்து சமாளித்துவிடும். 70 விழுக்காடோ அதற்கு மேலோ அடைபட்ட குழாயால் முடியாது. நெஞ்சில் இறுக்கம் வரும். நின்றால் தேவை குறைவதால் இறுக்கமும் போய்விடும்.

இது ஒருவகை. இன்னொரு வகை சொல்லிக்கொண்டு வருவதில்லை. குழாயின் சுவரில் கொழுப்பு சேர்ந்த இடத்தை ஒரு மெல்லிய படலம் மூடியிருக்கும், காய்ச்சிய பாலின் மேல் ஆடை படிந்திருப்பது போல. அந்த இடத்தில் அடைப்பு பாதிகூட இல்லாமல் இருக்கலாம். நடக்கும்போதோ வேலை செய்யும்போதோ எந்த அறிகுறியும் தெரியாது. திடீர் உழைப்பில் அட்ரினலின் பாய்ந்து, ரத்த அழுத்தம் ஏறி, துடிக்கும் இதயத்தோடு சேர்ந்து குழாயும் வளைந்து நெளியும்போது அந்தப் படலம் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் உறையும். சில நிமிடங்களில் குழாய் மூடிக்கொள்ளும். பழகாத உடம்பில் கடும் உழைப்பு ரத்தத் தட்டுகளை எளிதில் ஒட்டிக்கொள்ள வைக்கிறது என்பதும் இங்கே சேர்கிறது.

மாதக்கணக்கில் படிப்படியாகப் பழகிய உடம்பில் இதே உழைப்புக்கு அட்ரினலின் குறைவாகவே சுரக்கிறது, துடிப்பும் அவ்வளவு ஏறுவதில்லை, குழாய்ச் சுவர்கள் நன்றாக விரிகின்றன. 107க்கும் 2.4க்கும் உள்ள தூரம் இப்படித்தான் கடக்கப்படுகிறது.

நிறுத்தும் விதமும் முக்கியம். ஃபுட்சாலில் கடைசி விசில் ஊதியதும் அப்படியே நின்றுவிடுகிறோம். அதுவரை கால் தசைகள் பிழிந்து மேலே அனுப்பிய ரத்தம் காலிலேயே தேங்குகிறது. அட்ரினலினோ இன்னும் உச்சத்தில் இருக்கிறது. தலைசுற்றல் வருவதும், துடிப்பு ஒழுங்கு தவறுவதும் பல நேரங்களில் ஆட்டத்தின் நடுவே இல்லாமல் ஆட்டம் முடிந்த பிறகு நிகழ்வது இதனால்தான். திடலைச் சுற்றி 5, 10 நிமிடம் நடந்துவிட்டு உட்காருவது நல்லது.

மூன்று கேள்விகள்

யார் டாக்டரிடம் போக வேண்டும் என்பதற்கு ஒரு காலத்தில் வயதுதான் கோடு. ஆண் என்றால் 45, பெண் என்றால் 55, அதற்கு மேல் போனவர்கள் பார்த்துவிட்டு வர வேண்டும். இதனுடன் மற்ற ஆபத்துக் காரணிகளும் சேர்ந்த பழைய பட்டியலை 40 வயதுக்கு மேற்பட்ட அமெரிக்கர்களுக்குப் பொருத்திப் பார்த்த ஓர் ஆய்வு 2014இல் வந்தது. 100க்கு 90க்கும் மேற்பட்டோர் டாக்டரிடம் போக வேண்டியவர்களாக இருந்தார்கள். எல்லாரையும் வடிகட்டும் சல்லடையால் பயனில்லை. நடக்கலாம் என்று கிளம்புபவரையும் அது பயமுறுத்தி நாற்காலிக்கே திருப்பி அனுப்பிவிடும். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2015இல் அந்தப் பட்டியலைக் கைவிட்டு மூன்று கேள்விகளை முன்வைத்தது.

முதல் கேள்வி: இப்போது உங்கள் உடம்பு எதற்குப் பழகியிருக்கிறது? கடந்த மூன்று மாதமாக, வாரத்தில் 3 நாளாவது, 30 நிமிடம் வேகமாக நடந்திருந்தால் பழகியவர். இல்லையென்றால் பழகாதவர். பள்ளியில் மாவட்ட ஓட்டக்காரராக இருந்த பெருமை இங்கே கணக்கில் வராது.

இரண்டாம் கேள்வி: இதய நோய், இனிப்பு நீர், சிறுநீரக நோய் ஆகியவற்றில் ஏதாவது இருக்கிறதா? அவற்றைக் காட்டும் அறிகுறி ஏதும் உண்டா?

மூன்றாம் கேள்வி: எவ்வளவு கடுமையாகச் செய்யப் போகிறீர்கள்? கருவி ஒன்றும் வேண்டாம், பேசிப் பார்த்தாலே தெரிந்துவிடும். பேச முடியும், ஆனால் பாட முடியாது என்றால் மிதமானது. இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் மூச்சு விடாமல் பேச முடியவில்லை என்றால் கடுமையானது. மெதுவோட்டம், ஃபுட்சால், விடாமல் மலை ஏறுவது, போட்டியாக ஆடும் பேட்மிண்டன் எல்லாம் இரண்டாம் வகை.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். நோயும் இல்லை, அறிகுறியும் இல்லை, ஆனால் பழக்கமும் இல்லை என்றால், டாக்டரைப் பார்க்காமலே நடைப்பயிற்சியைத் தொடங்கலாம். வாரக்கணக்கில் மெல்லக் கூட்டிக்கொண்டு போய்ப் பிறகு கடுமையானதற்கு மாறலாம். மேலே சொன்ன நோய்களில் ஒன்று இருந்து பழக்கமும் இல்லையென்றால், வேக நடைக்கு முன்பே டாக்டரைப் பார்த்துவிட வேண்டும். நோய் இருக்கிறது, ஆனால் நடந்து பழகியவர் என்றால் நடையைத் தொடரலாம், ஓட்டத்துக்கோ மலைக்கோ மாறும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். அறிகுறி இருக்கிறது என்றால் பழகியவர், பழகாதவர் என்ற பேதமில்லை. நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.

இவற்றோடு நம்மவர்களுக்கு ஒரு திருத்தம் தேவை. 52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆய்வின்படி, தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் இடைநிலை வயது 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. மற்றவர்களை விட சுமார் 6 ஆண்டு முன்னதாகவே நமக்கு வந்துவிடுகிறது. அப்பாவுக்கோ அண்ணனுக்கோ 55 வயதுக்குள், அம்மாவுக்கோ அக்காவுக்கோ 65 வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ஆகவே 40ஐத் தொட்ட நம்மவர் ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் ஒரு முறையாவது பார்த்துவிட்டு இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் நேர்மை. ஓய்வில் இருக்கும்போதே அழுத்தம் 180/110ஐத் தொட்டால், அது இறங்கும் வரை மலை காத்திருக்கட்டும்.

"கேஸ்ட்ரிக்தான் டாக்டர்"

மலேசியத் தமிழர் வீடுகளில் நெஞ்சில் எது வந்தாலும் அதற்குப் பெயர் கேஸ்ட்ரிக். இந்த உரையாடல் மூவாரிலோ சிகாமட்டிலோ எந்தக் கிளினிக்கிலும் நடக்கக்கூடியது.

"நெஞ்செரிச்சல் டாக்டர். கேஸ்ட்ரிக்தான். மருந்து குடுத்தீங்கன்னா போதும்."

"எப்ப வருது அங்கிள்?"

"பேட்மிண்டன் ஆடறப்ப. ரெண்டாவது கேம்ல."

"உட்கார்ந்தா?"

"அஞ்சு நிமிஷத்துல போயிடும்."

"சாப்பிட்டா வருதா, ஓடினா வருதா?"

"...ஓடினாத்தான்."

வயிற்று வலிக்கு ஓட்டமும் ஓய்வும் தெரியாது. உழைத்தால் வந்து, நின்றால் போகும் எரிச்சலும் இறுக்கமும் இதயத்தின் மொழி. அது நெஞ்சில்தான் வர வேண்டும் என்பதில்லை. தாடை, கழுத்து, இடது கை, முதுகு என எங்கும் வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத்திணறலாகவோ காரணம் புரியாத அசதியாகவோ வரலாம்.

வேறு அறிகுறிகளும் உண்டு. சென்ற ஆண்டு சுலபமாக ஏறிய அதே படியில் இப்போது மூச்சு வாங்குவது. இரவில் மூச்சு முட்டி எழுந்து உட்காருவது. இரண்டு கணுக்காலும் வீங்குவது. காரணமில்லாமல் நெஞ்சு படபடப்பது. நடந்தால் கெண்டைக்காலில் வலி வந்து, நின்றால் விடுவது. கடைசியாகச் சொன்னதைப் பலர் மூட்டு வலி என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொள்கிறார்கள். கால் குழாய் அடைபட்டிருந்தால் இதயக் குழாயும் அடைபட்டிருக்க நிறைய வாய்ப்பு உண்டு. எல்லாவற்றையும் விடப் பெரிய எச்சரிக்கை, ஓடிக்கொண்டிருக்கும்போதே மயங்கி விழுவது. ஓடி முடித்து நின்ற பிறகு வரும் தலைசுற்றலை விட இது பல மடங்கு கவலைக்குரியது.

இனிப்பு நீரும் காவடியும்

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி மருந்துதான். ஆனால் அவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை கூடுதல். பல ஆண்டுச் சர்க்கரை நரம்புகளை மரத்துப்போகச் செய்வதால் இதயம் வலித்தாலும் வலி தெரியாமல் போகலாம். மேலே சொன்ன அறிகுறிகள் இல்லை என்பது அவர்களுக்கு முழு ஆறுதல் ஆகாது. பாதம் மரத்திருந்தால் காலணிக்குள் கிடந்த கல் புண்ணாக்கியதும் தெரியாது. கண்ணின் விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் முளைக்கும் நிலை வந்திருந்தால், மூச்சை அடக்கிப் பளு தூக்குவது கண்ணுக்குள் ரத்தம் கசியச் செய்யலாம். கண் சோதனையை ஒத்திப்போட்டுக்கொண்டே ஜிம்முக்குப் பணம் கட்டுவது முறையல்ல.

மாத்திரைகளுக்கும் இதில் பங்குண்டு. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் உழைக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். தொடங்கும் முன் சோதித்து 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுபவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. ரத்தக் கொதிப்புக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி வேகத்தைக் கூட்டினால் ஏமாந்துபோவார்கள். சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் அதே மாத்திரை மறைத்துவிடும்.

தைப்பூசக் காவடியை யாரும் உடற்பயிற்சி என்று சொல்வதில்லை. உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. நாள்கணக்கில் விரதம், குறைந்த தூக்கம், தோளில் பாரம், வெயில், மணிக்கணக்கில் நடையும் ஆட்டமும். விரதத்தில் சாப்பாடு குறைந்திருக்க, பழைய அளவிலேயே இன்சுலினும் மாத்திரையும் போய்க்கொண்டிருந்தால் சர்க்கரை இறங்கி வழியிலேயே மயங்கலாம். விரதம் தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொன்னால் மருந்தின் அளவையும் நேரத்தையும் மாற்றித் தருவார். பாரத்துக்கும் நடைக்கும் சில மாதங்களுக்கு முன்பே உடம்பைப் பழக்கிக்கொள்ளலாம். நேர்த்திக்கடனுக்கு இதனால் எந்தக் குறையும் வராது.

இளைஞர்களுக்கு வேறு கணக்கு

35 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் விளையாட்டில் விழுந்தால் காரணம் பெரும்பாலும் கொழுப்படைப்பாக இருப்பதில்லை. இதயத் தசை பிறவியிலேயே தடித்திருப்பது, இதயத்தின் மின் ஓட்டத்தில் கோளாறு, காய்ச்சலுக்குப் பின் இதயத் தசை அழற்சி ஆகியவை அங்கே முன்னே நிற்கின்றன. இத்தாலியின் வெனெட்டோ வட்டாரத்தில் 1982 முதல் போட்டி விளையாட்டு வீரர்கள் அனைவருக்கும் இசிஜி உட்பட்ட சோதனை கட்டாயமானது. அடுத்த 20 ஆண்டுகளில் இளம் வீரர்களின் திடீர் மரணம் ஆண்டுக்கு லட்சத்தில் 3.6 என்பதிலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. எல்லா நாடுகளிலும் இதைச் செய்ய முடியுமா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. வீட்டில் எல்லாராலும் கேட்க முடிந்த இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பிள்ளை விளையாடும்போது எப்போதாவது மயங்கி விழுந்திருக்கிறானா? குடும்பத்தில் யாராவது 50 வயதுக்குள் காரணம் தெரியாமல் திடீரென்று இறந்திருக்கிறார்களா? ஒன்றுக்கு 'ஆமாம்' என்றாலும் பள்ளி ஓட்டப் போட்டிக்கு முன் இதய மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கேள்விக்கு நம்மிடையே கூடுதல் கனம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணியும் ஐதராபாத்தின் குமாரசாமி தங்கராஜும் உள்ளிட்ட குழு 2009இல் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் ஒரு கண்டுபிடிப்பை வெளியிட்டது. இதயத் தசைப் புரதம் ஒன்றுக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம் தெற்காசியர்களில் ஏறக்குறைய 4 விழுக்காட்டினரிடம் இருக்கிறது. இதயத் தசை நோயோடு அதற்குத் தொடர்பு உண்டு. பலருக்கு நடுத்தர வயது வரை ஒரு அறிகுறியும் இருக்காது, சிலருக்குக் கடைசி வரை ஒன்றும் வராது. இதற்காக எல்லாரும் மரபணுச் சோதனைக்கு ஓட வேண்டியதில்லை. தோட்டத்தில் திடீரென்று இறந்த பெரியப்பாவின் கதையைக் 'காற்று கருப்பு' என்று மூடிவிடாமல் டாக்டரிடம் சொன்னால் போதும்.

டாக்டர் என்ன பார்ப்பார், எதைப் பார்க்க முடியாது

நல்ல சோதனையில் பாதி, கேள்வி கேட்பதுதான். பிறகு ரத்த அழுத்தம், இதயத்தில் கூடுதல் ஒலி கேட்கிறதா என்பது, சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை. தேவைப்பட்டால் இசிஜி. சந்தேகம் கூடினால் ஓடுபொறியில் நடக்கவிட்டு எடுக்கும் ஸ்ட்ரெஸ் டெஸ்ட், இதயத்தின் ஸ்கேன்.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்குக் கட்டணம் 1 வெள்ளி. குறைந்த வருமானக் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு 2019இல் தொடங்கிய பேகா பி40 திட்டத்தில் இலவசச் சோதனை உண்டு. சொக்சோ சந்தா கட்டும் தனியார்த் துறைத் தொழிலாளர்களுக்கும் 40 வயதுக்கு மேல் இலவசச் சோதனைத் திட்டம் இருக்கிறது. ஓட்டக் காலணிக்கு 300 வெள்ளி எடுத்து வைப்பவருக்கு இது செலவே இல்லை.

ஸ்ட்ரெஸ் டெஸ்ட் ஒன்றை எடுத்துவிட்டால் கவலை விட்டது என்றும் எண்ணக் கூடாது. ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவுக்குக் குறுகிய குழாயை அது காட்டும். பாதிகூட அடைபடாத, ஆனால் கிழியக் காத்திருக்கும் படலத்தை அது காட்டாது. அறிகுறியே இல்லாத, ஆபத்து குறைந்த ஒருவருக்கு இந்தச் சோதனை பொய் எச்சரிக்கையைக் கொடுத்துத் தேவையில்லாத ஆஞ்சியோகிராமில் கொண்டுபோய் விடவும் கூடும். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் இறந்தபோது பெங்களூரின் ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் அலைமோதியது. பயம் நம்மை வரிசையில் நிறுத்திவிடும். அந்த வரிசையில் யாருக்கு உண்மையில் தேவை என்று பிரித்துச் சொல்ல மூன்று கேள்விகள்தான் உதவும்.

எதிர்த் திசையில் ஓர் எடுத்துக்காட்டு, ஜிம் ஃபிக்ஸ். 1977இல் ஓட்டத்தைப் பற்றி அவர் எழுதிய புத்தகம் அமெரிக்காவையே மெதுவோட்டத்துக்கு இழுத்தது. 35 வயதில் புகையை விட்டு, எடையைக் குறைத்து ஓடத் தொடங்கியவர். அவருடைய அப்பாவுக்கு 35 வயதில் மாரடைப்பு வந்தது, 43 வயதில் இறந்தார். டாலஸில் உடற்பயிற்சி மருத்துவர் கென்னத் கூப்பரின் மையத்துக்குச் சென்றிருந்தபோது ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எடுத்துக்கொள்ள வந்த அழைப்பை ஃபிக்ஸ் ஏற்கவில்லை. 1984 ஜூலை 20 அன்று வெர்மான்ட் மாநிலத்தில் ஓட்டத்தின்போது விழுந்து இறந்தார். வயது 52. இதயக் குழாய்கள் பெரிதும் அடைபட்டிருந்தது பிரேதப் பரிசோதனையில் தெரிந்தது. ஓட்டம் அவருக்கு அப்பாவை விட 9 ஆண்டு அதிகமாகக் கொடுத்திருக்கலாம். அந்தக் குடும்ப வரலாறு உள்ளவருக்குச் சோதனை இன்னும் சில ஆண்டுகளைக் கொடுத்திருக்கலாம். ஓட்டமும் சோதனையும் ஒன்றுக்கொன்று மாற்று இல்லை.

ஜொகூர் வெயிலில் முதல் மூன்று மாதம்

நிலநடுக்கோட்டை ஒட்டிய இந்த மண்ணில் காற்றில் எப்போதும் ஈரம். வியர்வை ஆவியாகாமல் வழிந்தால் உடல் குளிர்வதில்லை. இதயம் ஒரே நேரத்தில் தசைக்கும் தோலுக்கும் ரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் அதே வேகத்துக்கே துடிப்பு ஏறிக்கொண்டு போகும். குளிர்சாதன அறையில் வேலை பார்ப்பவருக்கு ஜொகூரில் பிறந்த ஒரே தகுதியால் வெயில் பழகிவிடாது. வெப்பத்துக்கு உடம்பு பழக 10 நாளிலிருந்து 2 வாரம் வரை பிடிக்கும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுபவர்கள் தண்ணீர் விஷயத்தை முன்பே டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

காய்ச்சல் நாள்களில் பயிற்சி கூடாது. டிங்கியோ சாதாரணச் சளிக்காய்ச்சலோ, கிருமி இதயத் தசையைத் தொட்டிருக்கும் வேளையில் கடும் உழைப்பு ஆபத்தானது. வியர்க்க ஓடினால் காய்ச்சல் விட்டுவிடும் என்பது வீண் நம்பிக்கை. காய்ச்சலுக்குப் பிறகும் மூச்சு வாங்கல், படபடப்பு, நெஞ்சுவலி இருந்தால் பார்த்துவிட்டுத்தான் திடலுக்குத் திரும்ப வேண்டும். புகைமூட்ட நாள்களில் காற்றுத் தரக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் ஓட வேண்டாம்.

முதல் மாதம் வாரம் 5 நாள், தட்டையான பாதையில், பேசிக்கொண்டே நடக்கும் வேகம் போதும். இரண்டாம் மாதம் நேரத்தையும் வேகத்தையும் கொஞ்சம் கூட்டலாம், அடுக்குமாடியில் இருப்பவர்கள் படி ஏறலாம். மூன்றாம் மாதம் நடையின் நடுவே ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் மெதுவோட்டம். லம்பாக் மலை அதற்குப் பிறகு, அதுவும் நின்று நின்று. கூட்டாளிகள் முந்திப் போனால் போகட்டும். குழுவில் யாராவது ஒருவர் இதயத்தை அழுத்தி உயிர்ப்பிக்கும் முறையைக் கற்றிருக்க வேண்டும். விழுந்தவர் அசைவில்லாமல், சரியாக மூச்சு விடாமல் இருந்தால் 999ஐ அழைத்துவிட்டு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

டாக்டரிடம் போக வேண்டியவர் வெறும் 'ஓகே' என்ற சொல்லோடு திரும்பி வரக் கூடாது. எந்த அளவு வரை நான் செய்யலாம், எது வந்தால் உடனே நிறுத்த வேண்டும், அடுத்த சோதனை எப்போது என்ற மூன்றையும் கேட்டு வாங்கி வர வேண்டும். 'இப்போதைக்கு வேண்டாம்' என்று அவர் சொன்னாலும் நாற்காலிக்குத் திரும்பிவிடாமல், எத்தனை நிமிட நடை எனக்குச் சரி என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்கு ஒரு பதில் இருக்கும். இதய நோயாளிகளுக்கே மருத்துவமனைகள் கண்காணிப்போடு நடை பழக்குகின்றன. முற்றிலும் அசையாமல் இருங்கள் என்று டாக்டர்கள் சொல்வது மிகச் சிலருக்குத்தான், அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான்.